கிணத்துக்கு மார்க்கு போடாத பட்டம்

ஒரே ஒரு நாட்டுல ஒரு ராஜா இருந்தாரு. கிரீடம் உண்டு, குதிரை உண்டு, கம்பெனியும் உண்டு. ராஜா காலத்துல ஏது கம்பெனின்னு கேக்காத, என் கதையில உண்டு. தம்பி மேல காலைப் போடாம ஒழுங்கா கேளு.

அந்த ராஜா ஒரு நாள் மந்திரியைக் கூப்பிட்டு, "சண்டையில ஜெயிச்சவனுக்குப் பட்டம் குடுக்கறோம், பாட்டுப் பாடுறவனுக்குக் குடுக்கறோம், ஊருக்கு நல்லது பண்ற கம்பெனிக்கு ஒரு பட்டம் குடுத்தா என்னய்யா?"ன்னு கேட்டாரு. மந்திரி பேரு வைத்தியலிங்கம். நல்ல மனுஷன், யார்கிட்டயும் கை நீட்ட மாட்டாரு. அவரு மூணு மாசம் உக்காந்து சட்டம் எழுதினாரு. பள்ளிக்கூடம் கட்டுனா இத்தனை மார்க்கு, மரம் நட்டா இத்தனை மார்க்கு, சத்திரம் கட்டுனா இத்தனை மார்க்கு. அது மட்டுமா, நாங்களே ஊருக்கு வந்து வீடு வீடா விசாரிப்போம்னும் எழுதினாரு. ராஜா, "அடேயப்பா, இதுக்கு மேல என்ன வேணும்!"னுட்டாரு.

உடனே கனகசபைன்னு ஒரு முதலாளி, எனக்குத்தான் பட்டம்னு வந்து நின்னாரு. துணிக்குச் சாயம் போடுற கம்பெனி அவருது. பள்ளிக்கூடம் கட்டியிருந்தாரு, மரம் நட்டிருந்தாரு, சத்திரமும் கட்டியிருந்தாரு. எல்லாம் நெசந்தான். ஆனா சாயம் போட்ட தண்ணி எங்க போகும்? நேரா ஓடைக்கு, ஓடையிலேர்ந்து ஊருக் கிணத்துக்கு. கிணத்துத் தண்ணி ஒரு நாள் செவப்பா இருக்கும், ஒரு நாள் நீலமா இருக்கும், ஒரு நாள் பச்சையா இருக்கும். சிரிக்காத. அதைக் குடிச்ச ஜனங்க யாரும் சிரிக்கல.

அந்த ஊருல சடச்சின்னு ஒருத்தி. புருஷன் போய்ச் சேந்துட்டான், ஒரே பொண்ணு, பேரு பூவரசி, ஏழு வயசு. கிணத்துத் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு அந்தப் புள்ள வயித்துல நோவு வந்து படுத்துட்டா. வைத்தியர் வந்து பாத்துட்டு, "இனிமே கிணத்துத் தண்ணி ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது, மலையடி ஊத்துத் தண்ணியே குடு, புள்ள பொழச்சுக்குவா"ன்னாரு. ஊத்துக்குப் போய் வர அரை நாள் ஆகும். சடச்சி விடியறதுக்குள்ள கிளம்பி, தினம் ஒரு குடம் கொண்டு வந்தா. பூவரசிக்கும் முகம் தெளிஞ்சுச்சு. ஒரு நாள், "அம்மா, பசிக்குது"ன்னு கேட்டாளாம். சடச்சிக்கு அழுகையே வந்துடுச்சு, சந்தோஷத்துல.

மறுநாள் உச்சி வெயில்ல மந்திரி ரெண்டு ஆளோட விசாரிக்க வந்தாரு. மொத வீட்டுல, "கம்பெனி என்னம்மா குடுத்துச்சு?"ன்னு கேட்டாரு, "பள்ளிக்கூடம்ங்க"ன்னாங்க. ரெண்டாவது வீட்டுல கேட்டாரு, "மரம் நட்டாங்க"ன்னாங்க. மூணாவது வீடு சடச்சி வீடு. "சத்திரம் கட்டியிருக்காருங்க"ன்னா அவ. "வெயில் தாங்கலம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி"ன்னாரு மந்திரி.

வீடு தேடி வந்தவங்களுக்குச் சாயத் தண்ணிய எப்படிக் குடுக்கறது? அந்த ஊருல எந்தப் பொம்பளையும் குடுக்க மாட்டா, மானம் போயிடும். அப்பத்தான் எறக்கி வச்ச ஊத்துத் தண்ணிய சடச்சி மொண்டு மொண்டு குடுத்தா. "இன்னும் கொஞ்சம்மா", "இன்னும் கொஞ்சம்மா"ன்னு மூணு பேரும் குடிச்சாங்க. குடம் காலி. "கல்கண்டு மாதிரி தண்ணிம்மா உங்க ஊருல"ன்னு மந்திரி குறிப்பு வேற எழுதிக்கிட்டாரு.

சொல்லியிருக்கலாமேன்னுதான கேக்கற? எனக்கும் அந்தக் கோவம் உண்டு. ஆனா குடுத்தது என்னன்னுதான் கேட்டாங்க, கெடுத்தது என்னன்னு கேக்கவே இல்லையே! அதுக்கு அந்தச் சட்டத்துல எடமே இல்ல.

அவங்க போனதும் சடச்சி திரும்பக் குடத்தைத் தூக்கிக்கிட்டு, "பூவு, அம்மா ஓடி வந்துடுறேன், அதுவரைக்கும் எதையும் குடிக்காதடி கண்ணு"ன்னு சொல்லிட்டு ஊத்துக்கு ஓடினா. புள்ளைக்கு நாக்கு வறண்டு போச்சு. பொறுத்துப் பொறுத்துப் பாத்தா, முடியல. பாத்திரம் கழுவ வச்சிருந்த கிணத்துத் தண்ணிய எடுத்துக் குடிச்சுட்டா. சடச்சி நெறகுடத்தோட வந்தப்ப புள்ளைக்கு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே முடிஞ்சு போச்சு.

பட்டம் குடுக்கற நாள் வந்துச்சு. மேளம் என்ன, மாலை என்ன! சடச்சி ஒரு குடத்தைத் தூக்கிக்கிட்டு நடந்தே வந்து சபையில நின்னா. "ராஜா, பட்டம் குடுங்க, நான் வேணாங்கல. மொதல்ல எங்க கிணத்துத் தண்ணிய மொதலாளி ஒரு வாய் குடிக்கட்டும்." தண்ணி நீலமா இருந்துச்சு.

"குடிய்யா"ன்னாரு ராஜா. "இன்னைக்கு விரதம்ங்க"ன்னான் கனகசபை. "குடிய்யா." "தாகம் இல்லைங்க." "குடிக்கப் போறியா இல்லையா?" கால்ல விழுந்துட்டான்.

மந்திரிக்கு ஒண்ணும் புரியல. "ஏம்மா, அன்னைக்கு நான் குடிச்ச தண்ணி கல்கண்டா இருந்துச்சே?"ன்னாரு.

"அது எம்பொண்ணு தண்ணி சாமி"ன்னா சடச்சி. நடந்ததை எல்லாம் சொன்னா. மந்திரி அப்படியே தரையில உக்காந்துட்டாரு.

ராஜா அந்தச் சாயக் கம்பெனியை இழுத்து மூடச் சொன்னாரு. கனகசபையோட பெண்டாட்டி புள்ளைங்களை வேற ஊருக்கு அனுப்பிட்டு, அவனை மட்டும் அந்த ஊருல குடிவச்சு, "கிணறு தெளியற வரைக்கும் ஊரு சனத்துக்கெல்லாம் நீதான் ஊத்துத் தண்ணி சொமக்கணும், உனக்குக் கிணத்துத் தண்ணிதான்"னுட்டாரு. சொமந்தான், குடிச்சான், அவனுக்கும் வயித்துல நோவு வந்துச்சு. மந்திரியும் சட்டத்தை அழிச்சுட்டுத் திரும்ப எழுதினாரு. பட்டம் கேக்கறவன் மொதல்ல ஒரு வருஷம் அந்த ஊருல இருந்து, அந்த ஊருத் தண்ணிய குடிக்கணும்னு எழுதினாரு. அந்த வருஷம் பட்டம் கேட்டு ஒருத்தனும் வரல.

ராஜா சடச்சியைப் பாத்து, "உனக்கு என்னம்மா வேணும்?"னு கேட்டாரு. அவ குடத்தைக் கீழ எறக்கி வச்சா. அப்புறம், "ஒரு டம்ளர் மிச்சம் வச்சிருக்கலாம் சாமி நானு"ன்னா.

அம்புட்டுதான் கதை. ஒருத்தனுக்கு மாலை போடறதுக்கு முன்னாடி, அவன் யாரு வயித்துல அடிச்சான்னு கேட்டுட்டுப் போடணும். கிணறு தெளிஞ்சுச்சு, சடச்சி மனசு தெளியல, நம்ம கதை முடிஞ்சுச்சு. அழாத, கண்ணை மூடு.