கேட்கப் படித்தவர்

ஜமீலா ஒரு பயிற்சி வகுப்பு நடத்திவந்தார். பிறர் தம் சிக்கலைத் தாமே அவிழ்த்துக்கொள்ளத் துணை நிற்பது எப்படி என்பதுதான் பாடம். வகுப்பின் பெயர் ‘கேட்போம்’.

சீடர்களில் ஒருவர் ஞானதுரை, வாலிபால் பயிற்சியாளர். குருவைவிட வயதில் பெரியவர். மைதானத்தில் அவர் விசில் ஊதத் தேவையே இல்லை, குரல் போதும்.

ஒரு மதியம், வகுப்பில்லாத நேரத்தில் அவர் வந்தார். ஜமீலா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார், இந்த நேரத்துல?”

“ஒண்ணுமில்லை, டீச்சர்.”

“சரி, உக்காருங்க.”

ஜமீலா தொடர்ந்து உரித்தார். ஞானதுரை உட்கார்ந்தார். சும்மா இருக்க முடியாமல் தாமும் ஒரு வெங்காயத்தை எடுத்தார். 

முறத்திலிருந்த வெங்காயத்தில் பாதி தீர்ந்தபோது அவர் சொன்னார்:

“என் மக ஆன்சி இன்னைக்குச் சாயங்கால ரயில்ல பெங்களூருக்கு வேலைக்குப் போறா. ஒரு வாரமா என்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை. இப்படியே போயிட்டா, அப்புறம் வீட்டுப் பக்கமே வராம இருந்துடுவாளோன்னு பயமா இருக்கு.”

“பேசிப் பாத்தீங்களா?”

“நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே கேட்டேன். ‘உனக்கு என்ன வேணும்?’னு கேட்டேன். ‘எது உன்னைத் தடுக்குது?’னு கேட்டேன். ‘அதுக்கு மேல வேற என்ன?’ன்னும் கேட்டேன்.”

“பொண்ணு என்ன சொன்னா?”

“‘இது உங்க வீட்டுப்பாடமா, அப்பா? நான் எத்தனை மார்க் போடணும்?’னா.”

ஜமீலா சிரித்துவிட்டார். ஞானதுரை சிரிக்கவில்லை.

“அப்புறம்?”

“விடாம கேட்டேன். ‘ஒண்ணுமில்லை’ன்னு சொல்லி எந்திரிச்சுப் போயிட்டா.”

“அப்படியா.”

“நீங்கதானே டீச்சர் கேக்கச் சொன்னீங்க?”

“ஆமா. கேக்கத்தான் சொன்னேன்.”

“கேட்டேனே!”

“நீங்களும் வந்ததும் ‘ஒண்ணுமில்லை’ன்னுதான் சொன்னீங்க, சார். எனக்குக் கேட்டுச்சு.”

ஞானதுரையின் கை நின்றது.  பாதி உரித்த வெங்காயத்தை முறத்தில் வைத்தார்.

“இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கு, டீச்சர். அவகிட்ட நான் என்னதான் கேக்கட்டும்?”

“ஸ்டேஷனுக்கு எப்படிப் போறா?”

“பக்கந்தான். நடந்து போயிடுவா.”

“அவ பெட்டியை நீங்க வாங்கிக்கோங்க. கூட நடங்க.”

“வழியெல்லாம் அவ பேசவே இல்லைன்னா?”

“பெட்டி கனமா இருக்கும், சார். கையை மாத்திக்கோங்க.”