இரண்டு வாசல் தோட்டாக்கடை

ஒரு விடுகதை போடுகிறேன். விடையை அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம். கொஞ்ச நேரம் மனசுக்குள் வைத்திருங்கள்.

ஓர் அறை. அதற்கு இரண்டு வாசல். ஒரு வாசலில் "உள்ளே வராதே" என்பார்கள். பக்கத்து வாசலில் "வாங்க, வாங்க" என்பார்கள். இரண்டு வாசலும் போய்ச் சேருவது அதே அறைக்குத்தான். அந்த அறைக்குக் காவல் உண்டா, இல்லையா?

மூங்கிலடி என்ற ஊரில் தோட்டா விற்கும் கடை ஒன்று இருந்தது. மலையடிவாரத்து ஊர். காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கி வந்து மரவள்ளிக் கொல்லையை உழுது போட்டுவிடும். அதனால் பல வீடுகளில் துப்பாக்கி இருந்தது. துப்பாக்கி இருக்கிற ஊரில் தோட்டாவும் வேண்டுமல்லவா? கோவர்த்தனம் என்பவர் கடை வைத்தார்.

அந்த நாட்டுச் சட்டம் இப்படி இருந்தது. நெட்டைத் துப்பாக்கிக்குத் தோட்டா வாங்குகிறவருக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். குட்டைத் துப்பாக்கிக்கு வாங்குகிறவருக்கு இருபத்தொன்று. இதற்குக் காரணமும் உண்டு. நெட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் தெருக்கோடியிலிருந்தே தெரிந்துவிடும். குட்டை அப்படியல்ல, சட்டைக்குள் ஒளிந்துகொள்ளும். ஒளிகிற பொருளை வைத்திருக்கிறவனுக்கு நிதானம் கூடுதலாக வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்கள். சரியாகத்தான் நினைத்தார்கள்.

கோவர்த்தனம் சட்டத்தை மதிக்கிறவர் என்று பெயர் எடுத்தவர். ஆகவே அந்த இரண்டு வயதுகளையே கூப்பிட்டுக் காவலுக்கு வைத்துவிட்டார். ஒரு வாசலில் இருபத்தொன்று நின்றார். அகலமான நெற்றி, வாரி ஒதுக்கிய தலை, நின்றால் நின்ற இடம். அடுத்த வாசலில் அவருடைய தம்பி பதினெட்டு. இப்போதுதான் அரும்பிய மீசையைத் தடவிக்கொண்டே இருப்பான். சும்மா இருக்கும்போது சீட்டி அடிப்பான்.

ஆரம்பத்தில் இருபத்தொன்றுக்குத் தன் வேலையில் பெருமை இருந்தது. கேள்வி கேட்பார், பதில் வாங்குவார், வயது போதாதவரைத் திருப்பி அனுப்புவார். திருப்பி அனுப்பும்போது மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை வராது. "போயிட்டு, வயசு நிறைஞ்சதும் வாங்க" என்பார்.

அவர்களும் போவார்கள். எங்கே? பக்கத்து வாசலுக்கு.

"எதுக்குத் தோட்டா? நெட்டைக்கா, குட்டைக்கா?" என்பான் பதினெட்டு.

"நெட்டைக்கு."

"உள்ளே போங்க."

முதல் தடவை இதைப் பார்த்தபோது இருபத்தொன்றுக்குத் தன் கண்மேலேயே சந்தேகம் வந்தது.

"டேய் தம்பி, அந்த ஆள் இப்பத்தான் என்கிட்ட குட்டைக்குன்னு சொன்னான்."

"உங்ககிட்ட சொன்னான் அண்ணே. என்கிட்ட நெட்டைன்னுதானே சொன்னான்? நான் என் காதால கேட்டதைத்தான் எடுத்துக்க முடியும். உங்க காதை நான் கடன் வாங்கவா முடியும்?"

"மூணு அடி நடக்கறதுக்குள்ள அவன் துப்பாக்கி வளர்ந்துடுச்சா?"

பதினெட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "மழைக்காலம் அண்ணே! எல்லாம் வளரத்தான் செய்யும்."

இருபத்தொன்று சிரிக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். கண்ணாடி அலமாரியில் தோட்டாக்கள் வரிசையாக நின்றன. சுண்டுவிரலில் பாதி இருக்கும். எல்லாமே ஒரே அளவு.

"ஏம்ப்பா," என்று முன்வரிசைத் தோட்டாவைக் கேட்டார், "நீ நெட்டைக்கு உள்ளவனா, குட்டைக்கு உள்ளவனா?"

"ரெண்டுக்கும்தான் பெரியவரே. ரெண்டு வாயிலயும் அப்படியே பொருந்துவேன்."

"இதை முதலாளிகிட்ட சொன்னியா?"

"என்னை யாருமே கேட்கறதில்லையே! வர்றவனைத்தான் கேட்கறாங்க. அவன் வாய்க்கு வந்ததைச் சொல்றான். போறது என்னமோ நான்."

அன்று முதல் இருபத்தொன்றுக்குத் தன் வேலையில் இருந்த பெருமை போய்விட்டது. வாசலில் நின்றார், ஆனால் வாசலைக் காப்பது போல அவருக்குத் தோன்றவில்லை. கல்யாண வீட்டு வாசலில் கட்டிய வாழைமரம் போல, பார்வைக்கு நின்றுகொண்டிருப்பதாகத் தோன்றியது.

ஒரு நாள் சாயங்காலம் சுதாகர் என்ற பையன் வந்தான். பத்தொன்பது வயது. டியூஷன் முடிந்த தங்கை மிருதுளாவை வீட்டுக்கு அழைத்துப் போகிற வழி. பதினோரு வயதுப் பெண். இரட்டைப் பின்னல், முதுகில் புத்தகப் பை. பை கனமாக இருந்தது போல, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள்.

சுதாகரின் இடது கன்னம் சிவந்து வீங்கியிருந்தது.

"எதுக்குத் தோட்டா?" என்றார் இருபத்தொன்று.

அவனுக்கு அந்தக் கடை வழக்கம் தெரியாது. ஆகவே உண்மையைச் சொன்னான். "குட்டைக்கு."

"வயசு?"

"பத்தொன்பது."

"கிடையாது தம்பி. வயசு நிறையட்டும், வாங்க."

சுதாகர் பல்லைக் கடித்தான். மிருதுளா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அதான் இல்லைன்னுட்டாரே, வாண்ணா வீட்டுக்குப் போலாம். மாசிலாமணி மாமா பாவம்ண்ணா. அவங்க வீட்ல குட்டிப் பாப்பா இருக்கு."

"நீ சும்மா இரு மிருது. சைக்கிள் ஸ்டாண்டுல அத்தனை பேர் முன்னால அறைஞ்சானே, அப்ப அவனுக்குப் பாவம் பார்க்கத் தோணுச்சா?"

"அப்பா அலமாரியிலேருந்து எடுத்ததை என் பையில வச்சிருக்கே. டிபன் பாக்ஸ் மேல இடிச்சுக்கிட்டே இருக்கு. பயமா இருக்குண்ணா."

"சத்தம் போடாதே!"

இருபத்தொன்றின் காதில் எல்லாம் விழுந்தது. யாரைக் கொல்லப் போகிறான், எதனால், துப்பாக்கி எங்கே இருக்கிறது, எல்லாம். ஆனாலும் ஒரு நிம்மதி: இவனுக்குத் தோட்டா கிடைக்காது. நான் விடவில்லை.

அதற்குள் பக்கத்திலிருந்து சீட்டிச் சத்தம் கேட்டது.

"என்ன பிரதர், முகம் வாடிப்போச்சு? இந்தப் பக்கம் ஒரு வாசல் இருக்கு, பார்க்கலியா?" என்றான் பதினெட்டு. "நெட்டையா, குட்டையா?"

சுதாகர் ஒரு கணம் அண்ணனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தான். கெட்டிக்காரப் பையன், புரிந்துகொள்ள அதற்கு மேல் நேரம் ஆகவில்லை.

"நெட்டை" என்றான்.

"உள்ளே போங்க."

வேலைக்கு வந்த நாளிலிருந்து இருபத்தொன்று தன் வாசலை விட்டு நகர்ந்ததில்லை. அன்று நகர்ந்தார். கடைக்குள் ஓடி, கோவர்த்தனத்தின் மேசைமுன் நின்றார். மூச்சு வாங்கியது.

"முதலாளி, இந்தப் பையனுக்குக் கொடுக்காதீங்க. குட்டைக்குன்னு என்கிட்ட சொன்னான். இப்ப மாத்திச் சொல்றான்."

கோவர்த்தனம் அமைதியான மனிதர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. "உங்க வாசல்ல நீங்க விடலியே? ரொம்ப சரி. உங்க வேலையை ஒழுங்கா செஞ்சிருக்கீங்க. அவன் வாசல்ல அவன் கேட்டான், பதில் வாங்கினான், விட்டான். அதுவும் சரி. யார்கிட்டயும் குறை இல்லையே."

"குறை இல்லையா? மாசிலாமணின்னு ஒருத்தரைச் சுடப் போறான் முதலாளி! சைக்கிள் ஸ்டாண்டு மாசிலாமணி!"

கடையில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சுதாகர் சிரிக்க முயன்றான். "நான் எங்கண்ணே அப்படிச் சொன்னேன்? கொல்லையில பன்னித் தொல்லை. அதுக்குத்தான்."

"கேட்டீங்களா? பன்னித் தொல்லையாம்" என்றார் கோவர்த்தனம். "பாருங்க, தங்கச்சியைப் பத்திரமா டியூஷன்லேருந்து கூட்டிக்கிட்டு வர்ற பிள்ளை. இந்தப் பிள்ளையா சுடும்? கோபத்துல பசங்க ஆயிரம் பேசும். அதையெல்லாம் பார்த்தா யாவாரம் பண்ண முடியுமா?"

"அந்தப் பையைத் திறந்து பாருங்க! துப்பாக்கி அதுலதான் இருக்கு. நெட்டைன்னா புத்தகப் பைக்குள்ள எப்படிங்க நுழையும்?"

"வாங்க வந்தவங்க பையைத் துழாவறது நம்ம கடை வழக்கம் இல்லை. கேட்போம். சொல்றதை நம்புவோம். சட்டம் கேட்கச் சொல்லுது, கேட்டாச்சு."

அலமாரிக்குள்ளிருந்து தோட்டா கத்தியது. "சட்டம் கேட்கச் சொன்னது தெரிஞ்சுக்கத்தானே முதலாளி? தெரிஞ்சுக்காம இருக்கறதுக்கா?"

"சரக்கு பேசக் கூடாது" என்றார் கோவர்த்தனம்.

இருபத்தொன்று தம்பியைப் பார்த்தார். பதினெட்டு வாசலில் நின்றபடி தலையைத் தொங்கப் போட்டிருந்தான். சீட்டி நின்று போயிருந்தது.

"நீயாவது சொல்லுடா. உன் வாசல் பன்னி விரட்டற பிள்ளைங்களுக்காக வச்சது. உன்னை ஏமாத்தறவங்களுக்காகவா வச்சது?"

"நான் என்ன அண்ணே பண்றது? பதிலைக் கேட்டு உள்ளே விடறதுதான் என் வேலைன்னு முதலாளி சொல்லியிருக்கார்."

இருபத்தொன்றுக்குக் கண்ணில் நெருப்பு பறந்தது. சட்டம் எழுதியவர்கள் யோசித்து எழுதினார்கள். கடைக்காரர் வாசல் வைத்தார், காவல் வைத்தார், கேள்வி வைத்தார். எல்லாம் வைத்துவிட்டுக் கடைசியில் பதிலை மட்டும் வாங்குகிறவன் வாயிலேயே விட்டுவிட்டார். இதற்கு எதற்கு இத்தனை அலங்காரம்? கதவைக் கழற்றிப் போட்டுவிட்டு "வேண்டியதை எடுத்துக்கொள்" என்று எழுதி வைத்திருந்தால் அதிலாவது ஒரு நேர்மை இருந்திருக்கும்.

"நான் இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்" என்றார். "கொடுத்தா என்னைத் தாண்டித்தான் கொடுக்கணும்."

கடைக்கு வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "என்னய்யா ரகளை?" என்றார் ஒருவர். "சீக்கிரம் முடிங்கப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் இன்னொருவர். ஒருவரும் பையைத் திறந்து பார்க்கச் சொல்லவில்லை.

கோவர்த்தனத்துக்கு ரகளை பிடிக்காது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"சரி. உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஒரு சாட்சியைக் கேட்டுடுவோம். ரெண்டு வாசல்லயும் கூடவே நின்ன சாட்சி." மேசைக்கு மேலாகக் குனிந்தார். "பாப்பா, இங்க வாம்மா. பேர் என்ன? மிருதுளாவா? நல்ல பேரு. இந்தா, கமர்கட்டு வாங்கிக்க. அண்ணன்கிட்ட இருக்கற துப்பாக்கி நெட்டையா, குட்டையா? நீயே சொல்லு. சின்னப் பிள்ளை பொய் சொல்லாது. நீ சொல்றபடி செய்றேன்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நியாயமான ஏற்பாடு என்று அவர்களுக்குத் தோன்றியது.

இருபத்தொன்று மேசையைத் தட்டினார். "முதலாளி, பதினோரு வயசுக்கு இந்தக் கடையில வாசலே கிடையாது. ஒரு தோட்டா வாங்க முடியாத குழந்தை. அவ தலையிலயா ஒரு மனுஷன் உயிரைத் தூக்கி வைக்கிறீங்க? நீங்க பார்த்திருக்கலாம். என் தம்பி பார்த்திருக்கலாம். இதோ நிக்கறாங்களே, இத்தனை பெரியவங்க, இவங்க பார்த்திருக்கலாம். கையை நீட்டினா தொடற தூரத்துல பை இருக்கு. அதை விட்டுட்டு இவளைக் கேட்கறீங்களே, வெட்கமா இல்லையா?"

"குறுக்கே பேசாதீங்க. பிள்ளை பயந்துடும்" என்றார் கோவர்த்தனம் மென்மையாக.

இருபத்தொன்று மண்டியிட்டு அவள் முகத்துக்கு நேராக வந்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார். சொல்லவில்லை. இந்தக் குழந்தையிடம் கெஞ்சினால் தானும் அவர்களைப் போல ஆகிவிடுவோம் என்று அவருக்குத் தோன்றியது.

மிருதுளா கமர்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிரிக்கவில்லை. பையின் வார் தோளை அழுத்தியது. அவள் அண்ணனைப் பார்த்தாள். சுதாகர் அவளை மிரட்டவில்லை, கண்ணைக்கூட உருட்டவில்லை. வீங்கிய கன்னத்தோடு, கண்ணில் தண்ணீர் நிற்க, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். காய்ச்சல் வந்தால் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற அண்ணன். இங்கிருந்து வீட்டுக்கும் அவனோடுதான் போக வேண்டும்.

அவள் பெரியவர்களைப் பார்த்தாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமானவர் தன் பையைத் தூக்கித் தோளில் மாட்டினார்.

"சொல்லும்மா" என்றார் கோவர்த்தனம்.

"நெட்டை" என்றாள் மிருதுளா.