இரும்பு குடித்த எண்ணெய்

கணபதி வட்டாரத்தில் இருக்கும் அந்தப் பட்டறையில் இரும்பை உருக்குவதில்லை. இரும்புப் பொடியை அச்சில் கொட்டி, பிரஸ்ஸில் அமுக்கி, அடுப்பில் வேகவைத்துப் பல்சக்கரமும், சுழலும் தண்டைத் தாங்கும் புஷ் வளையமுமாக எடுப்பார்கள். அமுக்குகிற வேலை பொங்கியண்ணனுக்கு. அவன் வாயில் வருவது முக்கால்வாசி புளுகு என்று பட்டறைக்கே தெரியும். அந்த வாயாலேயே ஏற்கெனவே சில சம்பந்தங்கள் தட்டிப்போய், வயது முப்பத்தாறு ஆகிவிட்டது.

அன்று, புதிதாகப் பேசிவந்த சம்பந்தத்தில் பெண்ணின் மாமா மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க சொன்னபடி டீ நேரத்தில் நேரிலேயே வந்துவிட்டார். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் குப்பண்ணன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. "இன்னைக்கு ஒரு நாளு வாயக் கட்டுங்ணா," என்று அடுப்பில் தட்டு ஏற்றும் அருக்காணி காலையிலேயே கெஞ்சியிருந்தாள். பொங்கியண்ணனும் நிஜமாகவே பயந்துதான் இருந்தான். பாதி டீ வரைக்கும் தாங்கினான்.

வெறும் பொடியில் எப்படித் தம்பி பல்சக்கரம் வரும் என்று குப்பண்ணன் கேட்டதுதான் தாமதம். ஒருநாள் பொடி மூக்கில் ஏறி, அச்சுக்கு நேராகத் தும்மினானாம். தும்மின வேகத்தில் பிரஸ்ஸே இல்லாமல் சக்கரம் வந்துவிட்டதாம். அதற்கு எத்தனை பல் என்று அருக்காணி குறுக்கே கேட்டாள். முப்பத்திரண்டு, எல்லாம் தன் வாயில் இருப்பதுதான், கடவாய்ப் பல்லில் இருக்கும் சொத்தைகூட அப்படியே விழுந்திருந்தது என்றான்.

அப்புறம் எங்கே நிற்பது? அடுப்புக்குள் ஒரு தட்டு சிக்கிக்கொண்டதாம், இவனே தவழ்ந்து உள்ளே போனானாம்.

"ஆயிரத்து நூறு டிகிரி இருக்குமுங்களேண்ணா," என்றாள் அருக்காணி.

"இருந்துச்சு. எனக்கென்னமோ சில்லுனுதான் இருந்துச்சு. துண்டப் போத்திக்கிட்டேன்."

வெளியே வந்தபோது மீசையில் ஒட்டியிருந்த பொடி வெந்து மீசையே இரும்பாகிவிட்டதாம். சவரக்கடைக்காரர் கையை விரித்துவிட, லேத்தில் கொடுத்துத்தான் கடைந்தார்களாம். அந்த மீசைச் சீவலில் செய்த சக்கரத்தில்தான் இன்றைக்கும் ஊட்டி ரயில் மலையேறுகிறதாம்.

குப்பண்ணன் எல்லாவற்றுக்கும் பயபக்தியோடு தலையாட்டினார். தன்னை நம்புகிற ஓர் ஆளைப் பொங்கியண்ணன் அதுவரை பார்த்ததில்லை. அவனுக்கே கூச்சமாகப் போய்விட்டது. நல்ல மனுஷன், இவரிடம் ஒன்றாவது உண்மையாகச் சொல்வோம் என்று ஒரு புஷ்ஷைத் துடைத்து அவர் கையில் கொடுத்தான். பொடிக்கும் பொடிக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும். எண்ணெயில் ஊறப்போட்டால் குடித்துக்கொள்ளும். ஓடிச் சூடானால் கசியவிடும், ஆறினால் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதனால்தான் இதற்கு எண்ணெய் போடவே வேண்டியதில்லை என்றான்.

குப்பண்ணன் எழுந்துவிட்டார்.

"தும்முனத நம்புனேன். அடுப்புக்குள்ள போனதையும் நம்புனேன், எங்கூர்லயுந்தான் குண்டம் எறங்கி நெருப்பு மிதிக்கறாங்க. இரும்பு எண்ணெய் குடிக்குமா? காலமெல்லாம் எண்ணெயிலயே கெடக்கறவன் காதுலயே பூச்சுத்தறயா?"

நெசந்தானுங்க என்று அருக்காணி சத்தியம் செய்தும் பலிக்கவில்லை. ஊரில் காட்டிச் சிரிக்க என்று புஷ்ஷைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆயிரம் புளுகு தாங்கிய சம்பந்தம் ஒரே ஓர் உண்மையில் போய்விட்டதே என்று பொங்கியண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை அதே குப்பண்ணன் வாசலில் நின்றார். கையில் நேற்றைய வெள்ளைச் சட்டை. பஸ் வெக்கையில் புஷ் கசிந்து, பையைச் சுற்றித் தோசையளவுக்கு எண்ணெய்க் கறை. புஷ்ஷைத் துடைத்துத் துடைத்து வெயிலில் வைத்தும் பார்த்தாராம், மறுபடி மறுபடி வேர்த்ததாம்.

"குடிக்கத்தான் குடிக்குது மாப்ள," என்றார். "அதே நெசம்னா மத்ததெல்லாமும் நெசந்தான். பொண்ணு உங்களுக்குத்தான்."

பொங்கியண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வர்ற பங்குனியில எங்கூர்க் குண்டத்துல மொதல்ல எறங்கறது எங்க மாப்ளதான்னு ஊருக்கே சொல்லிப்போட்டேன். அறுபதடிக் குண்டம்."

பொங்கியண்ணன் அவசரமாகத் திரும்பினான். ஏதாவது சொல்லேன் என்பதுபோல அருக்காணியைப் பார்த்தான்.

அவள் தட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"போத்திக்க ஒரு துண்டு மட்டும் குடுத்துருங்க," என்றாள் குப்பண்ணனிடம். "அண்ணனுக்குச் சில்லுனு இருக்கும்."