நடுப்பகலில் கூப்பிடும் கிணறு

முன்னொரு காலத்தில், ஏழு கடலுக்கு அப்பால், இத்தாலி தேசத்தின் தென்கோடியில் பாறையைக் குடைந்து கட்டிய ஊர் ஒன்று இருந்தது, கேளுங்கள். அங்கே ஒருவர் வீட்டுக் கூரைதான் அடுத்தவருக்குத் தெரு. ஊரின் காலடியில் ஆழமான பள்ளத்தாக்கு. அதற்கு அக்கரையில் ஒரு பாழுங்கிணறு.

உச்சிவெயிலில், நிழல் காலடிக்குள் ஒடுங்கும் நேரத்தில், அந்தக் கிணறு கூப்பிடும். நமக்குப் பிரியமானவர் குரலில் கூப்பிடும். "இதோ வருகிறேன்" என்று பதில் சொன்னவர் நின்ற இடத்திலேயே கல்லாகிவிடுவார்.

ரொட்டி சுடும் டொனாத்தாவின் கணவன் வீத்தோ ஆடு மேய்க்கப் போனான். மூன்று நாளாகியும் ஆடுகள் மட்டுமே திரும்பின.

"போகாதே. உன்னையும் என்னால் இழக்க முடியாது" என்றாள் மாமியார்.

"எனக்கு ஒரு வாய் ரொட்டி இறங்கவில்லை, அத்தை. அவர் எங்கேயாவது விழுந்து கிடந்தால்?" என்று கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள் டொனாத்தா.

அக்கரையில், ஆலிவ் மரங்களுக்கு நடுவே, ஏழு கற்கள். ஏழுக்கும் மனித முகம். ஏழாவது கல் வீத்தோ. கன்னத்தைத் தொட்டாள், இன்னும் சூடு இருந்தது.

கிணறு கூப்பிட்டது, இறந்துபோன அம்மாவின் குரலில். டொனாத்தா வாய் திறக்கவில்லை.

கிணறு கூப்பிட்டது, வீத்தோவின் குரலில். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கிணறு கூப்பிட்டது, அவளுடைய சொந்தக் குரலிலேயே. அவள் கிணற்றுக்குள் குனிந்தாள்.

"உன் குரலில் பேசு. நீ யார்?" என்று கேட்டாள்.

அடியிலிருந்து ஒரு சிறுமியின் மெலிந்த குரல் வந்தது.

"நான் அசுந்தா. பஞ்சத்தில் கிணற்றைத் தூர்வார என்னை இறக்கினார்கள். கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அது அறுந்தது. கூப்பிட்டேன், கூப்பிட்டேன், கூப்பிட்டேன். எல்லோரும் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள்."

"நான் வந்து உன்னைத் தூக்கிப் போகட்டுமா?"

"இறங்கினால் உன்னை விடுவேனா என்று எனக்கே தெரியாது."

டொனாத்தா ஆலிவ் மரத்தில் கயிற்றைக் கட்டி இறங்கினாள். அடியில் சின்னச் சின்ன எலும்புகள். சால்வையில் பொதிந்து, முதுகில் கட்டிக்கொண்டு ஏறினாள். தோளில் குளிர்ந்த கை ஒன்று விழுந்தது. ஏற ஏற அதன் பிடி இறுகியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம்தான், அசுந்தா. இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள்.

விளிம்பில் வெயில் முகத்தில் பட்டதும் அந்தக் கை தளர்ந்தது.

கற்கள் மூச்சுவிட்டன.

"நீ கூப்பிட்டாயே, டொனாத்தா" என்றான் வீத்தோ.

நடந்ததை அவள் சொன்னாள். கல்லாயிருந்தவர்களில் வயதான இடையர் ஒருவர் கையை நீட்டி மூட்டையை வாங்கிக்கொண்டார். அசுந்தாவால் கல்லான ஏழு பேரும் அவளை மாறி மாறிச் சுமந்து, பள்ளத்தாக்கைக் கடந்து, கோயில் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அசுந்தாவுக்கு உறக்கம் கிடைத்தது, அவர்களுக்கு வீடு கிடைத்தது. கதை கேட்ட நமக்கும் நல்லதே நடக்கட்டும்.