உரலில் இடிபட்ட மோனை

முன்னொரு காலத்திலே நெற்குன்ற நாட்டைச் செண்டலங்கார ராயன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதை மறந்துவிடுவான். மாட்டிக்கொண்டு முழிப்பது சனங்கள்தான்.

அவன் சபையில் அரியமுத்துப் புலவர் இருந்தார். 'எழுத்துச் சிங்கம்' என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்டவர். ஒருநாள் ராசாவைப் புகழ்ந்து பாடினார்:

"கன்னல் கனியே கனகக் கதிரே
கட்டிக் கரும்பே கருணைக் கடலே!"

ராசாவின் காலோ வேறு எதற்கோ தாளம் போட்டது. அரண்மனைப் பின்கட்டில் பேராச்சியும் அவள் நாத்தி குஞ்சரமும் ஒரே உரலில் மாற்றி மாற்றி நெல் குத்திக்கொண்டே பாடினார்கள்:

"பச்சை நெல்லே பால்மணி நெல்லே
மச்சு வீட்டு மரக்கால் நிறைப்பாய்!"

புலவருக்கு வயிறு எரிந்தது. "மகாராசா, அதெல்லாம் பாட்டா? என் அடியில் நாலு சொல்லும் 'க'வில் தொடங்குகின்றன. அவர்கள் அடியில் முதலும் மூன்றும்தான் ஒத்து வருகின்றன. பாதி மோனை, பாதி வெந்த சோறு!"

"அப்படியா? இனிமேல் எல்லாச் சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்காத பாட்டை யாரும் பாடக்கூடாது!" என்றான் ராசா.

பாட்டு நின்றது. தாளம் தப்பி உலக்கைகள் முட்டிக்கொண்டன. குஞ்சரத்தின் கட்டைவிரல் வீங்கியது. "நாளைக்கும் அரிசி குறைந்தால் வேறு ஆள் வைப்பேன்" என்றார் மடைப்பள்ளி மேலாளர். சட்டம் போட்டவனை விட்டுவிட்டு, குத்துகிறவளை மிரட்டுவது எந்த ஊர் நியாயம்? பேராச்சியும் அதையே கேட்டாள். நெல்லும் உலக்கைகளும் குஞ்சரம் கொண்டுவர, மரவுரலை உருட்டிக்கொண்டு நேரே சபைக்குப் போனாள்.

"ராசா, புலவர் பாட்டையே பாடிக் குத்திடுறோம். எப்படின்னு நீங்களும் அவரும் ஒருதரம் காட்டிட்டாப் போதும்."

"நானா? நெல் குத்தவா?" ராசாவுக்கு விளையாட்டு என்றால் உயிர். அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"எங்க வழக்கம் இதுதான். முதல் ஓசை ஒத்து வர்ற சொல்லுக்கு நீங்க உலக்கை போடணும். ஒத்து வராத சொல்லுக்கு அவர் போடுவார்."

புலவர் கம்பீரமாகத் தொடங்கினார். "கன்னல்!" ராசா குத்தினான். "கனியே!" ராசா. "கனகக்!" ராசா. "கதிரே!" மறுபடியும் ராசா. எட்டாவது அடியில் கிரீடம் காதில் சரிந்தது. புலவரோ உலக்கையை வேல் மாதிரி பிடித்துக்கொண்டு, வியர்வை இல்லாமல் நின்றார்.

"யோவ் புலவரே, உம்ம முறை எப்பய்யா வரும்?"

"வராது மகாராசா! என் பாட்டில் ஓசை தப்பாது. இன்னும் நூறு அடி இருக்கிறது!"

"நூறா!" ராசா உரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "அம்மா தாயே, நீ பாடு!"

"பச்சை" என்றாள் பேராச்சி. ராசா உலக்கை இறங்கியது. "நெல்லே" என்றதும் புலவர் உலக்கை. "பால்மணி", ராசா. "நெல்லே", புலவர். முட்டல் இல்லை, மோதல் இல்லை. "மச்சு" என்று இரண்டாம் எழுத்து 'பச்சை'யோடு ஒத்ததும், சிதறிய நெல்லைப் பேராச்சி காலால் உள்ளே தள்ளினாள்.

"அந்த எதுகை வந்தா அடி திரும்பிடுச்சுன்னு அர்த்தம், ராசா. எல்லா இடத்திலயும் மணி அடிச்சா எந்த மணிக்குக் கதவைத் திறக்குறது?"

புலவர் முணுமுணுத்தார்: "இலக்கணத்தில் முற்று மோனைக்கு இடம் உண்டு..."

"இருக்கட்டுமே சாமி. உப்புக்கும்தான் சமையல்ல இடம் உண்டு."

சபை சிரித்தது. ராசா சட்டத்தை அங்கேயே கிழித்தான். பேராச்சிக்கும் குஞ்சரத்துக்கும் ஆளுக்கொரு நஞ்சை நிலம் கொடுத்தான். "பேராச்சி, நீயே இனி ஆஸ்தானப் புலவர்!"

"வேண்டாம் ராசா. எனக்கு நெல்லுக்குப் பாடத்தான் வரும். ஆளுக்குப் பாட வராது. உரலை வேணும்னா இங்கேயே விட்டுட்டுப் போறேன்."

அன்றிலிருந்து அந்தச் சபையில் பாட வந்தவர்கள் எல்லாரும், முதலில் உரலில் குத்திக்கொண்டே பாடிக் காட்ட வேண்டும் என்றாயிற்று. அரியமுத்துப் புலவர்தான் முதல் ஆள். அதன்பின் அந்நாட்டில் எழுந்த புகழ்மாலைகள் எல்லாம் நாலே அடியில் முடிந்துபோயின. சனங்களும் நேரத்தோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.