யானை நெருஞ்சில் மலையேறிய விதம்

மஞ்சனமலை மடத்தில் மழைக்கு முன்பு பழைய விறகுக் கொட்டகையைப் பிரித்துப் போட்டார்கள். மழை நின்றபின் அந்த இடத்தில் ஒரு செடி முளைத்து நின்றது.

முதலில் பார்த்தவள் தேவானை. மடத்துத் தோட்டம் அவள் பொறுப்பு. அந்த மலையில் அவளுக்குப் பெயர் தெரியாத செடி கிடையாது. இதன் பெயர் தெரியவில்லை.

சதைப்பற்றான இலை. மஞ்சள் பூ. தண்டை ஒட்டிச் சின்னச் சின்னக் காய்கள். ஒவ்வொரு காயிலும் நான்கு முள்.

ஓடிப்போய்ப் பூங்கோதை அம்மையை அழைத்துவந்தாள்.

அம்மைதான் மடத்தின் குரு. நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். தனக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்தால் அவர் முகம் மலர்ந்துவிடும்.

"இது என்ன செடி அம்மா?"

"தெரியவில்லையே" என்றார் அம்மை சந்தோஷமாக. அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

உமையணன் அப்போது ஊற்றிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் மனிதர். பல வருடங்களுக்கு முன் எங்கிருந்தோ நடந்தே வந்து மடத்தில் சேர்ந்தவர். ஊர் எது, உறவு யார் என்று அவர் சொன்னதில்லை. அம்மையும் கேட்டதில்லை.

செடியைப் பார்த்ததும் நின்றார். குடத்துத் தண்ணீர் தளும்பி அவர் தோளில் வழிந்தது.

"அண்ணாச்சி, இது என்ன செடி தெரியுமா?" என்றாள் தேவானை.

"தெரியாது."

சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டார்.

தேவானை அம்மையின் பக்கம் திரும்பினாள். "இந்த மலையில் எங்கேயும் இது கிடையாது. பிறகு எப்படி இங்கே வந்தது?"

"அதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். வா, பார்ப்போம்."

வேலியோரம் எருக்கங்காய் ஒன்று வெடித்துக் கிடந்தது. அம்மை அதிலிருந்து பஞ்சோடு ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதினார். அது வேலியைத் தாண்டி, பாறையைத் தாண்டி, பள்ளத்தாக்கின் மேலே மிதந்து போனது. பிறகு முள்காயை வைத்து ஊதினார். அசையவில்லை. இன்னொரு முறை கன்னம் உப்ப ஊதினார்.

தேவானை சிரித்தாள். "இது காற்றை நம்பிப் பிறந்ததில்லை அம்மா. பறவை கொண்டுவந்து போட்டிருக்குமோ? நம் மடத்துக் கூரை இடுக்கில் அரசங்கன்று முளைத்ததே, அதுபோல?"

அம்மை காயைக் கடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"பழமும் இல்லை, சதையும் இல்லை. நான் பறவையாக இருந்தால் இதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன்."

"ஓடைத் தண்ணீர்?"

"ஓடை மேலேயிருந்து வருகிறது. மேலே இந்தச் செடி இருக்கிறதா?"

தேவானை ஊற்றுவரை ஏறிப் போய்த் தேடினாள். பொழுது சாயும்போது முழங்காலெல்லாம் சேறாகத் திரும்பி வந்தாள்.

"ஒன்றுகூட இல்லை."

அம்மை காசித்தும்பைப் பாத்தி அருகே நின்றிருந்தார். முற்றிய காய் ஒன்றை விரலால் தொட்டார். அது பட்டென்று வெடித்தது. விதைகள் தேவானையின் கன்னத்தில் தெறித்தன.

"இது தன் பிள்ளையைத் தானே எறிகிறது" என்றார் அம்மை. "ஆனால் வேலிவரைக்கும்தான் எறிய முடியும். நம் செடியை அப்படி யாராவது எறிந்திருந்தால் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும்."

"தாயையும் காணோம்."

கன்னத்தைத் துடைத்துக்கொண்டே தேவானை கேட்டாள். "ஏன் அம்மா எல்லாமே இப்படித் தூரமாக அனுப்பப் பார்க்கின்றன? காலடியிலேயே போட்டு வளர்த்தால் ஆகாதா?"

அம்மை அவளை நாவல் மரத்தடிக்கு அழைத்துப் போனார். உமையணன் அங்கே சருகு கூட்டிக்கொண்டிருந்தார். மரத்தைச் சுற்றிலும் நாவல் கன்றுகள் முளைத்திருந்தன. எல்லாம் நூல்போல மெலிந்து, வெளிறிப்போன இலைகளோடு நின்றன.

"போன வருடம் இங்கே கன்று முளைத்ததா?"

"இதே மாதிரி நிறைய முளைத்தது அம்மா. நான் பார்த்தேன்."

"அதில் ஒன்றைக் காட்டு."

தேவானை மரத்தைச் சுற்றிவந்தாள். குனிந்து தேடினாள். நிமிர்ந்தபோது அவள் கையில் ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் முள்காயின் நினைவு அவளுக்கு வந்துவிட்டது. "சரி, இதற்கு முள் எதற்கு? யாரும் தின்னாமல் இருக்கத்தானே?"

அம்மை காயைத் தரையில் வைத்து, அதன்மேல் மெல்லக் கால் வைத்தார். "ஸ்ஸ்" என்று காலைத் தூக்கினார். காய் பாதத்தோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்தது.

"என்னை விரட்டவில்லையே. பிடித்துக்கொள்கிறது."

தேவானையின் கண்கள் விரிந்தன. "அப்படியென்றால் ஏதோ ஒரு காலில் ஏறி வந்திருக்கிறது! ஆட்டின் காலோ? இல்லை, நம் பக்கத்து ஆடுகள் இந்த மலையைவிட்டு இறங்குவதே இல்லை. ரொம்ப தூரத்திலிருந்து வந்த காலாக இருக்க வேண்டும். யாருடைய கால் அம்மா?"

துடைப்பத்தின் சத்தம் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தபோது உமையணன் அங்கே இல்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் உமையணன் மண்வெட்டியோடு கொட்டகை இருந்த இடத்துக்கு வந்தார். செடியின் அருகே அம்மை குந்தி உட்கார்ந்து, பூவுக்குள் நுழைந்த தேனீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உமையணன் தடுமாறினார். "முள்செடி. யார் காலிலாவது குத்தும். வெட்டிவிடலாம் என்று வந்தேன்."

"வெட்டுங்கள் உமையணரே. அதற்கு முன் சுற்றிலும் மெல்லத் தோண்டுங்கள். இது எதிலிருந்து கிளம்பியது என்று பார்த்துவிடுவோம். எனக்கு இரவெல்லாம் அதே யோசனை."

அவர் தோண்டினார். மண் ஈரமாக இருந்ததால் சுலபமாக வந்தது. நான்கு விரல் ஆழத்தில் மண்வெட்டி எதிலோ தட்டியது. கையால் மண்ணை விலக்கினார்.

பழைய தோல் செருப்பு. கொட்டகையில் விறகுத் தூளுக்கு அடியில் வருடக்கணக்காக நனையாமல் கிடந்து, இந்த மழையில்தான் ஊறத் தொடங்கியிருந்தது. செடியின் வேர் அதன் அடித்தோலைத் துளைத்துக்கொண்டு கீழே போயிருந்தது. அதே தோலில் இன்னும் சில முள்காய்கள் குத்தி நின்றன.

உமையணன் மண்வெட்டியை வைத்துவிட்டார். அதன் அருகே உட்கார்ந்தார்.

"என் செருப்பு அம்மா."

அம்மை அதில் குத்தியிருந்த ஒரு காயைத் தொட்டுப் பார்த்தார்.

"இதன் பெயர் யானை நெருஞ்சில். எங்கள் ஊர் உப்பளத்து வரப்பெல்லாம் இதுதான். நானும் என் மனைவி வடிவும் உப்பு வாருகிறவர்கள். ஒரே பையன். அவனுக்கு உப்பு பிடிக்கவில்லை, கடல் பிடித்திருந்தது. படகில் போனான். படகு வந்தது, அவன் வரவில்லை."

அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"வடிவு தினமும் கரைக்குப் போய் நின்றாள். வந்து, அவன் துணியை மடித்து வைப்பாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒருநாள் அவள் உப்பளத்தில் இருக்கும்போது கிளம்பிவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடந்தேன். இங்கே வந்து சேர்ந்த அன்று, திரும்பிப் போகக் கால் நினைக்கக்கூடாது என்று செருப்பைக் கழற்றிக் கொட்டகைக்குள் விறகுக்குப் பின்னால் வீசினேன்."

அம்மை செடியைப் பார்த்தபடி கேட்டார்.

"இந்தச் செடியை உங்கள் ஊரில் என்ன செய்வார்கள்?"

உமையணன் நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"காலில் குத்தினால் திட்டுவோம்" என்றார். பிறகு, "வெயிலில் நின்று நின்று உடம்பில் சூடு பிடித்துவிடும். அப்போது..." என்று நிறுத்தினார்.

எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். செடியில் ஒரு கிளையை ஒடித்து, தண்ணீருக்குள் விட்டுச் சுழற்றினார். தண்ணீர் மெல்ல மெல்லக் கெட்டியானது. கிளையைத் தூக்கினால் வெண்டைக்காய் சாறுபோல நூல் நூலாக இழுத்தது.

தேவானை எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "ஐயோ, தண்ணீருக்கு என்ன ஆயிற்று!" என்று சொம்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

"காலையில் உப்பளத்துக்குப் போகுமுன் வடிவு இதைக் கலக்கிக் கொடுப்பாள்" என்றார் உமையணன். "குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். கீழே கொட்டிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்."

அம்மை சொம்பை வாங்கிக் குடித்தார். தேவானை குடித்தாள். கடைசியாக உமையணன் குடித்தார். குடித்தபின் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டை வெகுநேரம் விலக்கவில்லை.

"நான் இதைத் தண்ணீர் ஊற்றி வளர்க்கவில்லை அம்மா" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "மறைவாக, இருட்டில் வீசி எறிந்தேன். பிறகு நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இது ஏன் சாகவில்லை?"

"நீங்கள் எறிந்தேன் என்கிறீர்கள்" என்றார் அம்மை. "செடியைக் கேட்டால் அது வேறு வார்த்தை சொல்லும்."

உமையணன் மண்ணை மறுபடியும் வேருக்கு அணைத்துத் தள்ளினார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்றும் மறுநாளும் ஊற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார்.

அதற்கடுத்த நாள் அம்மையின் முன்னால் வந்து நின்றார்.

"போகலாம் என்று இருக்கிறேன். அவள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாது. இருந்தாலும் இத்தனை வருடம் கழித்து வாசலில் போய் நின்றால் என்ன சொல்வாளோ?"

"எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருக்கிறது" என்றார் அம்மை. "போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்."

உமையணன் மலையிறங்கிப் போனார்.

தேவானை அவர் செடிக்குக் கல்லடுக்கி வரம்பு கட்டினாள். முற்றி உதிர்ந்த காய்களைப் பொறுக்கி, வரம்புக்குள்ளேயே போட்டாள். தைப்பனி போயிற்று. வெயில் ஏறியது. செடி காய்ந்து சருகானது. அவர் வரவில்லை. இனி வரமாட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது ஒரு மாலையில் வந்தார். கறுத்திருந்தார். கை உப்பில் வெடித்திருந்தது. தோளில் ஒரு சிறு மூட்டை உப்பு.

"இருக்கிறாள்" என்றார் வந்ததும்.

அம்மை பாயை நகர்த்திப் போட்டார். "உட்காருங்கள். என்ன சொன்னாள்?"

"முதலில் ஒன்றும் சொல்லவில்லை. கால் கழுவத் தண்ணீர் வைத்தாள். சோறு போட்டாள். நான் ஏதாவது சொல்லப் போனால் எழுந்து போய்விடுவாள். பல நாள் அப்படியே போனது. பிறகு ஒருநாள் வரப்பில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டாள். 'உங்களால தாங்க முடியல, போயிட்டீங்க. எனக்குப் போறதுக்கு இடம் இருந்துச்சா?'"

தேவானை கையிலிருந்த விளக்குத் திரியை அப்படியே வைத்துவிட்டாள்.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று அம்மை கேட்டார்.

"என்னிடம் பதில் இல்லை அம்மா. இன்னும் இல்லை. அதனால் அங்கேயே இருந்துவிடப் போகிறேன். இப்போது அவள்தான், 'உங்க குருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டாவது வாங்க' என்று அனுப்பிவைத்தாள்."

அம்மை சிரித்தார். "அவளைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது."

இரவு தங்கிவிட்டு, காலையில் உமையணன் விடைபெற்றார். அம்மையும் தேவானையும் ஒற்றையடிப் பாதையில் புல்வெளி தாண்டும்வரை கூடவே நடந்தார்கள். சரிவு தொடங்கும் இடத்தில் மூவரும் நின்றார்கள்.

உமையணன் கும்பிட்டார். உடனே போகவில்லை.

"ஒன்று கேட்க வேண்டும் அம்மா. இங்கே உங்கள் காலடியில் இத்தனை வருடம் இருந்தேன். கேட்டதெல்லாம் இந்த மலையில் உட்கார்ந்து கேட்டது. இனி உப்பளம், வெயில், கூலி, வடிவின் கோபம். அங்கே போனால் இதெல்லாம் என்ன ஆகும்? என்னோடு எதையாவது கொண்டுபோகிறேனா என்றே தெரியவில்லை."

அம்மை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வேட்டியின் கரையைப் பார்த்தார்.

உமையணனும் குனிந்து பார்த்தார். புல்வெளியைத் தாண்டி வந்ததில், வேட்டியின் ஓரமெல்லாம் ஒட்டுப்புல்லின் விதைகள் வரிசையாகக் குத்திக்கொண்டிருந்தன.

"அடடா" என்று சொல்லி, அவற்றைப் பிடுங்கிப் போடக் கையைக் கொண்டுபோனார்.

"இங்கே வேண்டாம்" என்றார் அம்மை. "ஊருக்குப் போய் எடுங்கள்."