துண்டால் மூடிய கை

பேராசிரியர் தாணுமூர்த்திக்கு அலுத்துவிட்டது. அடுத்தவர் எழுதியதைத் திருத்தியே முப்பது வருடம் ஓடிவிட்டது. போதாக்குறைக்கு, ஆய்வேடுகளை இனிமேல் கணினியில்தான் திருத்த வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். ஒரு கறுப்புப் பலகையும் பேனாவும் அவர் கைக்கு வந்தன. பலகையில் எழுதினால் எழுத்து எதிரே திரையில் விழும். அவர் எழுதினால் கோழி கிளறியது போல விழுந்தது.

அன்று காலை அவருடைய ஆய்வு மாணவி தமயந்தியின் மின்னஞ்சல் வந்தது.

‘ஐயா, மூன்றாம் இயலில் நீங்கள் எழுதிய குறிப்புகளை இந்த முறையும் படிக்க முடியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆறு வருடம் ஆகிவிட்டது. திங்கட்கிழமையோடு ஆய்வை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.’

பேராசிரியர் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கணினி அறைக்கு நடந்தார். அந்த அறைக்குப் பொறுப்பாளர் மெர்சிலின். தாணுமூர்த்தியின் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் தெரியாததைக் கேட்க வந்தவர் சீடர். சீடருக்கு வயதேது?

“மூணு பேனா மாத்தியாச்சும்மா. பலகையும் பெருசா வாங்கியாச்சு. கையெழுத்து மட்டும் திருந்த மாட்டேங்குது. மூணாம் இயல்ல நான் எழுதின குறிப்பைப் படிக்க முடியலன்னு ஒரு பொண்ணு ஆய்வையே விடப் போறா.”

“எழுதுங்க சார், பாப்போம்.”

குனிந்து, கையையே பார்த்துப் பார்த்து எழுதினார்.

மெர்சிலின் நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து, அவர் கையையும் பலகையையும் சேர்த்து மூடினாள்.

“என்னம்மா இது?”

“கை எங்கேயும் ஓடிப்போகாது சார். நீங்க திரையைப் பாருங்க. பக்கத்தைப் பெருசாக்கிட்டு எழுதுங்க.”

முதல் வரி மலை ஏறியது. அடுத்த வரி பள்ளத்தில் இறங்கியது. மதியத்துக்குள் எழுத்து நேராக உட்கார்ந்துவிட்டது. துண்டை எடுத்த பிறகும் அவர் குனியவில்லை.

“இப்ப அந்த மூணாம் இயலை எடுங்க. பழைய குறிப்பை அழிச்சிட்டுப் புதுசா எழுதிருங்க” என்றாள்.

பழைய குறிப்புகளை அவராலும் படிக்க முடியவில்லை. படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. என்ன எழுதியிருப்பார் என்று அவருக்குத் தெரியாதா, முப்பது வருடமாக எழுதுவதுதானே?

முதல் பக்க ஓரத்தில் ‘சரியில்லை’ என்று எழுதினார். நான்காம் பக்கத்தில் ‘மீண்டும் எழுதுக’. ஒன்பதில் ‘இதெல்லாம் எதற்கு?’ பதினொன்றில் ‘சிந்தித்து எழுதவும்’. பன்னிரண்டில் மறுபடியும் ‘சரியில்லை’. முப்பத்தோராம் பக்கம் முடிந்தபோது தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது.

முதலிலிருந்து ஒருமுறை தள்ளிப் பார்த்தார். எல்லாம் முத்து முத்தாக இருந்தது. ஏனோ மனதில் சந்தோஷம் வரவில்லை.

“அனுப்பிரலாமா, குருவே?” என்றார், சிரிக்க முயன்றபடி.

மெர்சிலின் பக்கங்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். துண்டை மடித்து நாற்காலியில் போட்டாள்.

“அனுப்பலாம் சார். இந்தத் தடவை அந்தப் பொண்ணு ஒண்ணு விடாமப் படிச்சிருவா.”

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், தமயந்தி எழுதியிருந்ததை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.